நீலம் வானத்துக்கு, ஆரஞ்சு தொடைக்கு

யாரபின் என்ற சின்ன ஊரின் 'சின்னச் சிறகுகள்' குழந்தைகள் காப்பகத்தில் காலடி வைத்ததும் முதலில் கண்ணில் படுவது குழந்தை இல்லை, சுவர். சுவர் நிறைய முதலுதவிச் சான்றிதழ்கள். தங்க நிற ஃபிரேம், உள்ளே கண்ணாடி, கீழே பெயர்ப் பட்டை. கல்யாணப் படத்தைக்கூட அந்த ஊரில் எவரும் இவ்வளவு பகட்டாக மாட்டியதில்லை. அரசாங்கம் கேட்பது என்னவோ, குழந்தைகள் இருக்கும் நேரம் முழுக்க முதலுதவி படித்த ஒருவராவது கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்க வேண்டும், அவருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் சமாளிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான். நிர்வாகி லியோனி பிரௌஸுக்கு அந்த ஒருவர் போதவில்லை. சமையல்காரர் உட்பட எல்லோரும் படித்தாக வேண்டும் என்றாள். குழந்தைகள் மேல் அக்கறை பொங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மதிப்பீடு செய்ய அதிகாரிகள் வரும்போது சுவர் நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"முதலுதவி சுவருக்கு வந்திருக்கு, ஆளுக்கு வரலை" என்று கெரின் டுவயர் சொல்வாள். மெதுவாகச் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. லியோனியும் அவளும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அதனால் லியோனி முகத்துக்கு நேராகவே சொல்வாள்.

கெரினுக்கு அங்கே கைக்குழந்தைகள் அறையில் வேலை. அவளுடைய நான்கு வயது மகன் ஃபெர்கஸ் அதே கூரையின் கீழ், தாழ்வாரத்தின் மறுகோடியில், பெரிய பிள்ளைகள் அறையில் இருந்தான். முந்திரி ஒரு துணுக்கு உள்ளே போனால் போதும், அவனுக்குத் தொண்டை அடைத்துவிடும். ஒருமுறை அடைத்தும் இருக்கிறது. அன்று அவன் உதடு நீலமாகிப்போனதைப் பார்த்த நாளிலிருந்து கெரினுக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான். மறுபடி அப்படி ஆனால் என் பிள்ளைக்கு யார் ஊசி போடுவார்கள்?

அந்த ஊசி பார்க்கத் தடித்த பேனா மாதிரி இருக்கும். ஒரு முனையில் நீல மூடி, மறுமுனை ஆரஞ்சு. ஊசி ஒளிந்திருப்பது ஆரஞ்சுப் பக்கம். நீல மூடியைப் பிடுங்கி, ஆரஞ்சு முனையைத் தொடையில் அழுத்தி, மூன்று எண்ண வேண்டும். அதை மனப்பாடம் செய்ய ஒரு வரி வைத்திருக்கிறார்கள்: நீலம் வானத்துக்கு, ஆரஞ்சு தொடைக்கு. பிள்ளைகள்கூட விளையாட்டாகச் சொல்லித் திரியும் வரி.

பயிற்சி கொடுக்க டப்போ நகரத்திலிருந்து டேரில் என்பவர் வந்தார். ஒரு சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, பீட்சா டப்பாக்களுக்கு நடுவே பாடம் நடந்தது. அன்று டிவியில் ஃபுட்டி என்கிற அந்த ஊர்க் கால்பந்து மேட்ச் வேறு. மனிதர் நிமிஷத்துக்கு ஒருதரம் ஃபோனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டார். நெஞ்சை அழுத்திப் பழக ரப்பர் பொம்மை கொண்டுவந்திருந்தார். அதைத் தரையில் போட்டு, மண்டியிட்டு, இரண்டு நிமிஷம் விடாமல் அழுத்தினால்தான் தேர்ச்சி என்பது விதி. லியோனி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, டேரில், என் முட்டி!" என்றாள். பொம்மை மேஜைக்கு ஏறியது. அவள் நாலு அமுக்கு அமுக்கினாள். "பிழைச்சுட்டான்!" என்றார் டேரில். எல்லோரும் கைதட்டினார்கள். சீ, என்ன கூத்து அது!

அதற்குப் பிறகுதான் பயிற்சிப் பேனா கை கையாக மாறியது. அதில் மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஃபெர்கஸின் அறையில் வேலை பார்க்கும் டாலியாவின் முறை வந்தது. இருபத்தொரு வயதுப் பெண், எப்போதும் ஃபோனும் கையுமாக இருப்பவள். பேனாவைத் தலைகீழாகப் பிடித்தாள். ஆரஞ்சு முனையை ஏதோ பொத்தான் என்று நினைத்து அதன் மேல் கட்டைவிரலை வைத்து ஓங்கி அழுத்தினாள். டிக்.

"பாவம், பையன் போய்ட்டான். ஆனா உன் கட்டைவிரல் நூறு வயசு வாழும் பொண்ணே" என்றார் டேரில்.

அறையே சிரித்தது. கெரின்தான் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. இவள்தான் என் பிள்ளை அறையில் இருக்கிறாள். இந்தப் பேனாவைத்தான் அவனுக்குக் குத்தப்போகிறாள். டேரில் ஃபோனைப் பார்த்தபடி டாலியாவின் தாளிலும் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் அதுவும் தங்க ஃபிரேமில் ஏறியது.

மறுநாள் காலையிலேயே கெரின் லியோனியின் அறைக்குப் போய் நின்றாள்.

"லியோனி, என்னை ஃபெர்கஸ் அறைக்கு மாத்திடு."

"அம்மாவையும் பிள்ளையையும் ஒரே அறையில போடுறதில்லன்னு உனக்குத் தெரியாதா கண்ணு? பையன் உன் காலையே சுத்துவான்."

"அப்போ அந்தப் பொண்ணை மாத்து. அது தன் விரலையே குத்திக்கும்."

"டாலியாகிட்ட சான்றிதழ் இருக்கு."

"சான்றிதழை எடுத்து அவன் தொடையில ஒட்டுவியா?"

லியோனிக்குச் சுருக்கென்றது. "நீ ரொம்பப் பயப்படுற. வீட்டுல கொஞ்சம் மூச்சுப் பயிற்சி பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். கெரின் கதவை அறைந்து சாத்தினாள். சுவரில் நாலைந்து ஃபிரேம்கள் ஆடின.

அன்று முதல் டாலியாவுக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. "இதோ வர்றா கட்டைவிரல்." "கட்டைவிரல், டீ போடறியா? கெட்டிலைத் தலைகீழாப் பிடிச்சுடாதே." கெரின் கூப்பிடக் கூப்பிட மற்றவர்களும் கூப்பிட்டார்கள். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். டாலியா சிரித்து மழுப்புவாள். ஒரு மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், அவள் ஒரு தடித்த ஸ்கெட்ச் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, துணிப் பொம்மையின் தொடையில் குத்திக் குத்தி எடுத்து ஏதோ முணுமுணுப்பதைக் கெரின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"என்ன, பொம்மைக்கு முந்திரி கொடுத்துட்டியா?"

டாலியா பேனாவைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "சும்மா... பழகிப் பாக்கறேன், கெரின்."

"நல்லாப் பழகு. உனக்கு இன்னும் ஒன்பது விரல் இருக்கு."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது. கெரின் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இப்படி ஒரு முட்டாளிடம் மருந்துப் பேனாவை விட்டுவைப்பதாவது என்று அவள் மனம் கொதித்துக்கொண்டே இருந்தது. மருந்து ஒரே ஒரு தடவைக்குத்தான். இவள் அதைத் தன் விரலில் பாய்ச்சிவிட்டால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? காற்றா? வாசல் அலமாரியில் பொதுப் பேனா ஒன்று உண்டுதான், அதையும் இவள் கையில்தானே கொடுப்பார்கள்?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஃபெர்கஸுக்கு ஒவ்வாமை என்று தெரிந்தபோது கிளினிக்கில் அவளுக்கும் ஒரு பயிற்சிப் பேனா கொடுத்திருந்தார்கள். பெரிய பிள்ளைகள் அறையின் கதவோரத்தில் ஒரு சிவப்புப் பை தொங்கும். அதற்குள் ஃபெர்கஸின் பெயரும் படமும் ஒட்டிய பிளாஸ்டிக் உறை, உறைக்குள் அவன் மருந்துப் பேனா. ஒரு காலை கெரின் சீக்கிரமே வந்தாள். மருந்துப் பேனாவை எடுத்துத் தன் இடுப்புப் பைக்குள் போட்டாள். உறைக்குள் பயிற்சிப் பேனாவை வைத்து, அதன் லேபிள் உள்பக்கம் இருக்கும்படி திருப்பிவிட்டாள். ஏதாவது ஆனால் என்னைத்தானே கத்திக் கூப்பிடுவார்கள், நான் தாழ்வாரத்தின் இந்தக் கோடியில்தானே இருக்கிறேன், நாலே எட்டில் வந்துவிட மாட்டேனா, என் பிள்ளைக்கு நானே போட்டுக்கொள்கிறேன். இதுதான் அவள் கணக்கு. குற்ற உணர்ச்சியா? மருந்துக்கும் இல்லை. அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

தினமும் காலையில் கதவைத் திறக்கிறவர் அந்தப் பையைச் சோதிக்க வேண்டும். சோதித்தார்கள். பேனா இருக்கிறதா? இருக்கிறது. பதிவேட்டில் டிக் அடி. உறைக்குள் இருப்பது மருந்தா விளையாட்டுச் சாமானா என்று ஒரு தலையும் எட்டிப் பார்க்கவில்லை. வாரம் வாரமாக இந்தக் கண்கட்டு வித்தை நடந்தது. கெரினுக்கு உள்ளூர ஒரு குரூர சந்தோஷம். பார்த்தாயா, நான் சொன்னேனே, எல்லாம் அரைவேக்காடு! தன் பிள்ளையைச் சுற்றியிருந்த வேலியைத் தானே பிடுங்கி வைத்துக்கொண்டு, வேலியில்லாததை எவனும் கவனிக்கவில்லை என்று கைகொட்டுகிறவளை என்னவென்று சொல்வது? தாய் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மதிப்பீட்டு அதிகாரிகள் வந்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். 'சின்னச் சிறகுகள்' மிக உயர்ந்த தரம் என்று தகவல் வந்தது. லியோனிக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளிக்கிழமை காலை டீ நேரத்துக்கு ஊழியர்களுக்கு விருந்து என்று அறிவித்தாள். சூப்பர் மார்க்கெட்டிலிருந்து தானே பிஸ்கட், சீஸ், தொட்டுத் தின்கிற டிப் வகைகள் எல்லாம் வாங்கிவந்து பெரிய பிள்ளைகள் அறை ஓரத்துத் தாழ்ந்த மேஜையில் பரப்பினாள். அதில் ஒரு பச்சை டிப். துளசி போட்டது. துளசியோடு வேறு என்ன அரைத்திருக்கிறார்கள் என்று டப்பாவின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. பாதுகாப்புக்குப் பரிசு வாங்கிய மகராசிக்கு அதைப் படிக்க நேரம் ஏது?

விருந்து என்றால் காபி வேண்டாமா? அங்கே காபி என்றால் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைப்பது இல்லை. தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கும் பேக்கரியில் நுரை ததும்ப வாங்கி வர வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு ஒருவர் என்று முறை போட்டுப் போவார்கள். அந்த வெள்ளிக்கிழமை கெரின் முறை. கைக்குழந்தைகளை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு, எல்லோருக்கும் என்னென்ன வேண்டும் என்று கேட்டு, இடுப்புப் பையை இறுக்கிக்கொண்டு கிளம்பினாள். பையில் மருந்துப் பேனா இருப்பது அவள் நினைவிலேயே இல்லை. தினமும் சுமக்கிற பொருள் உடம்போடு ஒட்டிப்போய்விடும், வேறென்ன.

பேக்கரியில் வரிசை நீளம். அவள் தட்டில் காபிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. லியோனி.

"கெரின், ஓடி வா! ஃபெர்கஸ்! பச்சையா ஏதோ தின்னுட்டான். ஊசி போட்டாச்சு, டாலியா போட்டுட்டா, ஆனா கேட்கலை. ஓடி வா!"

ஊசி போட்டாச்சு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கெரினுக்கு உலகம் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டது. எந்த ஊசி? அடிப்பாவி, எந்த ஊசி? உறைக்குள் மருந்தில்லாததை நீதானே வைத்தாய்! காபித் தட்டு கீழே விழுந்தது. கோப்பைகள் உருண்டன. யாரோ, "ஏம்மா, பாத்து!" என்றார்கள். அவள் தெருவில் வந்த லாரியைக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

ஃபெர்கஸைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வீங்கி, கண் இடுங்கி, மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது. லியோனி ஆம்புலன்ஸ்காரரிடம் ஃபோனில், "முகவரி... அட, இந்தத் தெரு பேர் என்ன, எனக்கு வாயில வரமாட்டேங்குதே" என்று திணறினாள். முகவரி பெரிய எழுத்தில் அவள் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது. டாலியா பிள்ளையின் தோளைப் பிடித்தபடி அவன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள்.

"எழுந்திருக்காதே தங்கம், படுத்திரு, அப்படியே படுத்திரு. கெரின், நான் சரியாத்தான் போட்டேன். ஆரஞ்சு கீழ, மூணு எண்ணினேன், டிக்குன்னு சத்தம்கூட வந்துச்சு. ஏன் கேட்க மாட்டேங்குது? ஏன்?"

கெரின் இடுப்புப் பையின் ஜிப்பைப் பிய்த்துத் திறந்தாள். மருந்துப் பேனாவை உருவினாள். நீல மூடியைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினாள். பிள்ளையின் மூச்சு ஒரு கணம் நின்று திரும்ப வந்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்குப் படித்தது, பயந்தது, பரிகசித்தது எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விட்டது. பேனாவைப் பிள்ளையின் தொடையில் வைத்து, மேலே நீட்டிக்கொண்டிருந்த முனையைக் கட்டைவிரலால் பலம்கொண்ட மட்டும் அழுத்தினாள்.

மேலே இருந்தது ஆரஞ்சு.

ஊசி அவள் கட்டைவிரலுக்குள் எலும்பு வரைக்கும் போனது. ஃபெர்கஸின் உயிர் அத்தனையும் அவள் விரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் விரலில் துளிர்த்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தாள். சுவர் நிறைய சான்றிதழ் வைத்திருந்த அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் ஒரு கணம் கை கால் ஓடவில்லை.

முதலில் எழுந்தவள் டாலியா. வாசலுக்கு ஓடினாள். சான்றிதழ்களுக்குக் கீழே ஒரு சின்ன அலமாரியில், காப்பகத்துக்குப் பொதுவான அந்த மருந்துப் பேனா இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடிவந்து மண்டியிட்டாள். கெரினை முழங்கையால் ஒதுக்கித் தள்ளினாள். "நீலம் வானத்துக்கு" என்று வாய்க்குள் சொல்லி மூடியைப் பிடுங்கினாள். "ஆரஞ்சு தொடைக்கு" என்று குத்தினாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." அவள் குரல் நடுங்கியது, கை நடுங்கவில்லை.

ஃபெர்கஸின் மூச்சில் இருந்த விசில் மெல்ல மெல்ல இறங்கியது. உதட்டில் சிவப்பு திரும்பியது. பிறகு அவன் இருமி, அழுது, "அம்மா" என்றான். அந்த அழுகையைப் போல இனிமையான ஒன்றைக் கெரின் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆம்புலன்ஸ் ஒருவழியாகத் தெருவைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் ஃபெர்கஸ் கட்டிலில் உட்கார்ந்து ஐஸ் சூப்பிக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் கெரின். அவள் கட்டைவிரல் செத்த மீன் மாதிரி வெளுத்து, சில்லிட்டு, உணர்ச்சியில்லாமல் ஒரு கிண்ணம் வெந்நீரில் கிடந்தது. "இப்படி விரல்ல குத்திக்கிட்டு வாரத்துக்கு ஒண்ணாவது வரும், கவலைப்படாதீங்க" என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

லியோனியும் டாலியாவும் வந்தார்கள். டாலியாவின் கண் வீங்கியிருந்தது. கெரின் விட்டுவிட்டு வந்த கைப்பையை மேஜை மேல் வைத்தாள்.

"கவலையை விடு கண்ணு" என்றாள் லியோனி. "அந்த முதல் பேனாதான் ஓட்டை. மேலிடத்துக்கு அப்படியே சொல்லிடறேன். நம்ம மேல ஒரு சொல் வராது."

"பேனா மேல பழி போடாதீங்க லியோனி" என்றாள் டாலியா. "நான்தான் சரியா அழுத்தலை. எனக்குத் தெரியும். எல்லாரும் சொன்னீங்களே, எனக்கு இது வராதுன்னு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா இவன்..." வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கெரின் தப்பித்திருப்பாள். ஓட்டைப் பேனா ஒரு பக்கம், கைவராத பெண் இன்னொரு பக்கம், நடுவில் அவளை யார் கேட்கப்போகிறார்கள்? அந்த எண்ணம் அவளுக்கு வராமலும் இல்லை. வெந்நீரைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

"நீ சரியாத்தான் போட்டே" என்றாள். "அதுல மருந்து இல்ல. அது பயிற்சிப் பேனா. நான்தான் மாத்தி வச்சேன். நிஜப் பேனா என் இடுப்புல இருந்துச்சு."

லியோனியின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. டாலியாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"தெரிஞ்சேவா?"

"ஆமா."

"ஏன் கெரின்?"

"நீ வீணாக்கிடுவேன்னு."

டாலியா திட்டியிருக்கலாம். நாலு பேர் கேட்கிற மாதிரி கத்தியிருந்தால்கூடக் கெரினுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கிண்ணத்துக்குள் மிதந்த கட்டைவிரலை ஒரு பார்வை பார்த்தாள். குனிந்து ஃபெர்கஸின் தலையில் முத்தம் கொடுத்தாள். பிறகு போய்விட்டாள். "திங்கக்கிழமை காலையில என்னை வந்து பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு லியோனியும் பின்னாலேயே போனாள். அந்தக் குரலில் 'கண்ணு' காணாமல் போயிருந்தது.

ஃபெர்கஸ் ஐஸ் குச்சியை நக்கிக்கொண்டே கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"வலிக்குதாம்மா?"

"இல்லடா. ஒண்ணுமே தெரியலை."

அவன் அந்த விரலைத் தொட்டுப் பார்த்தான். காப்பகத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிற சொல் அது, அவனுக்கு அதில் வஞ்சகம் ஏது?

"அப்போ இனிமே நீதானேம்மா கட்டைவிரல்?"

"ஆமாடா" என்றாள் கெரின். "நான்தான்."